தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

முத்தமிழுள் இயலுக்கும் இசைக்கும் வாய்த்த பேறு நாடகத்திற்கு வாய்க்கவில்லை. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அரங்கின் இலக்கணத்தை அளவோடு வகுத்துரைத்தார். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என மேடைக்கு அளவு கண்ட தமிழர், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைக்கும் வகை கண்டனர். ஆயினும் அந்த அரங்கில் ஆடப்பெற்ற நாடகங்களுள் ஒன்றேனும் நம் கைக்கு வந்து சேரவில்லை. தில்லைத் திருக்கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் கல்லில் வடிக்கப்பெற்று நிற்கின்றன. கல்லில் நிலைத்த கூத்து ஏட்டில் நிலைக்கவில்லை என்பது தமிழ் வரலாற்றின் குறைகளுள் ஒன்றாகும்.

ஏட்டில் இல்லாத நாடகம் மக்களிடையே அழியவில்லை. கெடிலக் கரையிலும் பெண்ணையாற்றங்கரையிலும் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் தில்லையாடியில் தோன்றிச் சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் இராமகாதையை இசை நாடகமாக்கினார். அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், தில்லையைக் காண ஏங்கிய நந்தனின் வரலாற்றைக் கீர்த்தனைகளாக்கினார். கூத்து மரபையும் கீர்த்தனை மரபையும் ஒன்றுசேர்த்து, மேடைக்குரிய நூலாக வரையறுத்து, நாடெங்கும் ஒரே முறையில் நடிக்கச் செய்யும் ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். அவ்வாசிரியராக வந்தவரே சங்கரதாஸ் சுவாமிகள்.

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவ்வாண்டில் நூலாக வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயாம். தூத்துக்குடியில் கணக்கராயிருந்த 24 வயது இளைஞர் ஒருவர், எழுதுகோலை வைத்துவிட்டு நாடக சபையில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். முதலாமவர் கற்றோர் படிப்பதற்கு நாடகம் எழுதினார். இரண்டாமவர் பட்டம் பெற்றோர் பொழுதுபோக்காக நடிப்பதற்கு நாடகம் எழுதினார். மூன்றாமவரோ, நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்காக எழுதினார். முன்னவர் இருவரையும் இலக்கிய வரலாறுகள் விரிவாகப் பேசின. மூன்றாமவருக்கு அவை நெடுங்காலம் ஓரிரு வரிகளே ஒதுக்கின.

பிறப்பும் கல்வியும்

சங்கரன் என்னும் இயற்பெயருடைய சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரனார், பேச்சியம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் தமிழறிந்தவர், இராம காதையில் தோய்ந்தவராதலின் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார். மகனுக்கு அவரே முதலாசிரியர்.

தந்தையிடம் கற்றது போதாமையால் இளைஞர் சங்கரன் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளை அடைந்து பாடம் கேட்டார். அருணகிரிநாதருக்குப் பின் சந்தப் பாக்களையும் வண்ணப் பாக்களையும் அளவின்றிப் பொழிந்த பெரும்புலவர் தண்டபாணி சுவாமிகள். 'புலவர் புராணம்', 'அறுவகை இலக்கணம்' முதலியவற்றின் ஆசிரியர். உடுமலை முத்துசாமிக் கவிராயர் சங்கரனாருக்கு ஒருசாலை மாணாக்கர். அம்முத்துசாமிக் கவிராயரின் மாணவரே பிற்காலத்தில் திரைப்பாடலில் புகழ்பெற்ற உடுமலை நாராயண கவி என்பது எண்ணத்தக்கது. ஓர் ஆசிரியரின் சந்தப் பயிற்சி ஒரு கிளையில் நாடக மேடைக்கும் மறு கிளையில் திரைப்படத்திற்கும் சென்று சேர்ந்தது.

பதினாறு வயதளவிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இயற்றும் ஆற்றல் சங்கரனாருக்கு வந்துவிட்டது. ஆயினும் புலமை சோறிடாது என்பது அக்காலத்திற்கும் பொருந்தும். அவர் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராய் அமர்ந்தார். உப்பு மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதிய அப்பணியில் அவர் உள்ளம் ஒன்றவில்லை. ஊருக்கு வந்து போன நாடகக் குழுக்களின் ஆட்டமும் பாட்டும் அவரை இழுத்தன.

வேடம் பூண்டதும் துறந்ததும்

அக்காலத் தமிழ் மேடை ஒரு கலவை நிலையில் இருந்தது. வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் வண்ணத் திரைகளையும் பக்கத் தட்டிகளையும் ஆர்மோனியத்தையும் தமிழ்நாட்டிற்கு அறிமுகம் செய்திருந்தன. திரை புதிது, கதை பழையது, பேச்சோ நடிகரின் வாய்க்கு வந்தபடி. பாடல்களுக்கு மட்டும் ஏடு இருந்தது. உரையாடலுக்கு வரையறை இல்லை. அரசனாக வந்தவர் தமக்குத் தெரிந்த கீர்த்தனையை இடமறியாது பாடுவார். எதிர் நின்றவர் அவரை மடக்கக் கதைக்குத் தொடர்பற்ற வினாவைத் தொடுப்பார். கதை நடுவழியில் நிற்க, நடிகர்களின் போட்டி விடியும்வரை நீளும்.

இந்நிலையில் சங்கரதாஸர் இராமுடு ஐயர், கலியாணராம ஐயர் ஆகியோர் நடத்திய குழுவில் நடிகராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தார். நெடிய உருவமும் ஓங்கிய குரலும் உடைய அவருக்கு எமன், இராவணன், இரணியன், சனீசுவரன் போன்ற அச்சந்தரும் வேடங்களே அமைந்தன. அவ்வேடங்களில் அவர் பெற்ற வெற்றியே அவர் வேடத்தைத் துறப்பதற்கும் காரணமாயிற்று.

இரண்டு நிகழ்ச்சிகள் அவர் வரலாற்றில் மரபாகச் சொல்லப்பட்டு வருகின்றன. நளன் கதையில் சனீசுவரனாக நடித்த அவர், ஆட்டம் முடிந்து விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். உடலெங்கும் கரிய பூச்சுடன் இருளிலிருந்து வந்த உருவத்தைக் கண்ட பெண்ணொருத்தி அங்கேயே அஞ்சி வீழ்ந்து உயிர்விட்டாள். மற்றொரு முறை, சத்தியவானின் உயிரைக் கவர வந்த எமனாக அவர் பாசக்கயிற்றுடன் ஆர்ப்பரித்து மேடையேறினார். அவையில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்தி அந்த அச்சத்தால் கருவை இழந்தாள். இவற்றைக் கேட்ட பிறர் நடிப்பின் வன்மைக்குச் சான்றாகப் போற்றியிருக்கலாம். சுவாமிகள் அவ்வாறு கொள்ளவில்லை. தம் கலையால் பிற உயிர்க்குத் தீங்கு நேர்ந்தது என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. வேடம் புனைவதை அவர் விட்டொழித்தார். கைதட்டலைத் தம் குற்றத்தின் கணக்காக எண்ணித் துறந்த நடிகர் வேறு எவரும் நம் மேடையில் இருந்ததாகத் தெரியவில்லை.

துறவும் புதுக்கோட்டை வாழ்வும்

நடிப்பைத் துறந்தவர் சிறிது காலம் நாடகத்தையே துறந்தார். மணம் செய்துகொள்ளாத அவர், எளிய உடையுடன் கோயில்தோறும் சென்று வழிபட்டார். சங்கரன் சங்கரதாஸரானதும், மக்கள் அவரைச் சுவாமிகள் என்று அழைக்கலானதும் இதன் பயனேயாம். முருகனிடம் அவர் கொண்ட பற்று அவருடைய நாடகங்களிலெல்லாம் ஊடுருவி நிற்கிறது.

இந்த யாத்திரை அவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கு வாழ்ந்தவர் தாளக்கலையில் ஒப்பாரற்று விளங்கிய மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கருநாடக இசையரங்கிற்குரிய கருவியாக உயர்த்திய பெருமை அவருக்கே உரியது. அவர் சுவாமிகளின் புலமையைக் கண்டு அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். தண்டபாணி சுவாமிகளிடம் சந்தத்தை எழுத்தெண்ணிக் கற்ற புலவர், மான்பூண்டியா பிள்ளையிடம் அதே சந்தத்தைக் கைவிரல்களில் கேட்டறிந்தார். சுவாமிகளின் பாடல்கள் எந்தத் தாளத்தில் எடுத்தாலும் சொல் நொறுங்காமல் நடப்பதற்கு இந்த இருவழிக் கல்வியே காரணம் எனலாம். இசைக்குச் சொல்லை ஒடிப்பதும், சொல்லுக்கு இசையை ஒடிப்பதும் அவரிடம் மிக அரிது.

மான்பூண்டியாரின் அன்பும் நண்பர்களின் வற்புறுத்தலும் அவரை மீண்டும் நாடகத்திற்கு அழைத்து வந்தன. இம்முறை அவர் வந்தது ஆசிரியராக மட்டுமே.

ஆசிரியப் பணி

சாமி நாயுடு, வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் ஆகியோரின் சபைகளில் சுவாமிகள் ஆசிரியராக விளங்கினார். இப்பெயர்களே ஒரு செய்தியைச் சொல்கின்றன. வள்ளியாக நடித்தவர் வள்ளி வைத்தியநாத ஐயராகவும், அல்லியாக நடித்தவர் அல்லி பரமேசுவர ஐயராகவும் நாட்டில் அறியப்பட்டனர். பெண் வேடத்தை ஆண்களே ஏற்ற காலம் அது. வேடமே பெயராயிற்று. அந்த வேடங்களுக்குச் சொல் தந்தவர் சுவாமிகள்.

அவர் செய்த முதல் சீர்திருத்தம் உரையாடலை எழுதி வைத்ததாகும். விருத்தம், வெண்பா, கீர்த்தனை, சிந்து, கண்ணி, ஒப்பாரி என எல்லா வடிவங்களும் அவர் நாடகத்தில் இடம்பெற்றன. பார்சி மெட்டும் இந்துஸ்தானி மெட்டும் விலக்கப்படவில்லை. ஆனால் எது எங்கே வர வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டது. கதை மாந்தர் மேடைக்கு வருவதற்கு ஒரு பாட்டு, தம்மை அறிவித்துக் கொள்வதற்கு ஒரு விருத்தம், வாதுக்கு எதிரெதிர்க் கண்ணிகள், துயருக்கு ஒப்பாரி என்னும் ஒழுங்கு உருவாயிற்று. பாட்டின் பொருளையே உரைநடை எடுத்துச் செல்லவேண்டும். உரைநடை முடியும் இடத்திலிருந்தே அடுத்த பாட்டு எழவேண்டும். ஓரடியை நடிகர் தாண்டினாலும் அடுத்தவர் தடுமாறும் வண்ணம் அமைந்த இக்கட்டமைப்பே நடிகரின் விருப்பப் பேச்சுக்குத் தடையாயிற்று.

அவர் இயற்றிய நாடகங்கள் 68 என்று கணக்கிடுவோர் உளர். 40 அளவில் என்போரும் உளர். நூல்வடிவில் நிலைத்தவை அவற்றுள் ஒரு பகுதியே. 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', 'கோவலன்', 'அல்லி அர்ச்சுனா', 'சுலோசனா சதி', 'பிரகலாதன்', 'இலவகுசா', 'நல்லதங்காள்', 'சதி அனுசூயா', 'சிறுத்தொண்டர்' முதலியன பெயர் பெற்றவை. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்', 'சிம்பலைன்' ஆகியவற்றையும் அவர் தமிழ் மேடைக்குத் தழுவிக் கொடுத்தார். புராணம் மட்டுமே அறிந்தவர் அவர் என்று கூறுவது பொருந்தாது.

கதைத் தெரிவிலும் அவர் நோக்கம் தெளிவானது. பவளக்கொடியும் அல்லியும் வியாசரின் பாரதத்தில் இல்லாதவர்கள். தமிழ் மக்களின் அம்மானைகளிலும் மாலைகளிலும் பிறந்தவர்கள். சிலப்பதிகாரம் முழுமையாக அச்சேறியது 1892இல். ஆனால் கோவலன் கதை அதற்கு முன்பே சிற்றூர்த் திண்ணைகளில் வழங்கியது. சுவாமிகளின் 'கோவலன்' அம்மக்கள் வழக்கின் சாயலைப் பெரிதும் தாங்கியது. புலவர் அவைக்குரிய யாப்பை அவர் மக்கள் கதைக்குக் கொடுத்தார். மக்கள் கதைக்குரிய வேகத்தைப் புலவர் யாப்பிற்குக் கொடுத்தார்.

அவர் படைத்த பெண் மாந்தரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கற்பு, பத்தினி என்னும் பழைய வரம்புக்குள் நின்றே அவர் எழுதினார். கணவனுக்காக வாழ்வதே பெண்மை என்னும் கருத்து அவர் நாடகங்களில் மிகுதி. இன்றைய வாசகர்க்கு அது உடன்பாடாகாது. எனினும் அப்பெண்கள் வாய் மூடி அழுபவர்கள் அல்லர். வள்ளி நாரதரோடு வாதிடுகிறாள். அல்லி ஆடவர் ஆட்சியை ஏற்க மறுக்கிறாள். சாவித்திரி எமனைச் சொல்லால் வெல்கிறாள். மேடையில் பெண் நிற்கவே தயங்கிய காலத்தில், பெண்ணின் வாதம் வெல்லும் காட்சிகளை ஊர்கூடி இரவெல்லாம் கேட்டது என்பது சிறிய செய்தியன்று.

சிறுவர் சபைகள்

எழுதி வைத்தாலும் முதிர்ந்த நடிகர்கள் எழுதியபடி நடிக்கவில்லை. புகழ்பெற்ற நடிகர் ஒருவர் குறித்த நேரத்திற்கு வாரார். வந்தாலும் பாடம் தவறுவார். கேட்டால் சபையை விட்டு விலகுவார். குடியும் பூசலும் சபைகளைச் சிதைத்தன. கூத்தாடி என்று இகழ்ந்து குடியிருக்க வீடும் தராத சமூகத்தில், அவ்விகழ்ச்சிக்கு ஏற்பவே நடிகர் சிலர் நடந்துகொண்டது சுவாமிகளுக்கு நீங்கா வருத்தம் தந்தது.

இளஞ்சிறுவர்களைப் பயிற்றுவித்தால் ஒழுக்கமும் பாடமும் ஒருங்கே நிலைக்கும் எனக் கருதினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அவர் அமைத்தார். தமிழ் மேடையின் இணையற்ற பாடகராக உயர்ந்த எஸ்.ஜி. கிட்டப்பா சிறு பிள்ளையாகச் சேர்ந்து பயின்றது இந்தச் சபையில்தான். நாட்டு விடுதலைப் பாடல்களை முருகன் வேடத்திலேயே பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸும் சுவாமிகளின் மாணவர் வழியில் எண்ணப்பெறுபவர்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பெண் வேடத்தில் பெயர்பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அச்சபையில் சேர்ந்தனர். அப்போது சண்முகத்திற்கு வயது 6. பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற அவர் எழுதிய தன்வரலாறே இன்று சுவாமிகளைப் பற்றி நாம் அறிவனவற்றிற்கு முதன்மையான ஊற்று.

சிறுவர் சபையின் வாழ்க்கை கடுமையானது. விடியுமுன் எழுந்து குரல் பயிற்சி, பகலில் பாடம், இரவில் நாடகம். உணவும் உறக்கமும் கம்பெனி வீட்டில். ஒலிபெருக்கி இல்லாத காலமாதலால், கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சத்தில் பாடியாக வேண்டும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் அதுவரை ஏற்ற வேடங்களை இழப்பான். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் கண்ணீரும் அம்மேடைகளுக்குப் பின்னே இருந்தது. அதனை மறைத்து அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் பேசுவது நேர்மையாகாது. சுவாமிகளும் கண்டிப்பு மிக்கவரே. ஒரு சொல்லின் லகர, ழகர, ளகர வேறுபாடு பிறழ்ந்தாலும் பொறுக்கமாட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தின் படியே ஏறாத பிள்ளைகள் பிழையற்ற தமிழைப் பேசியதும், வெண்பாவைத் தளை தட்டாமல் சொன்னதும் அந்தக் கண்டிப்பின் பயனே என்பதையும் மறுக்க இயலாது.

ஓர் இரவில் ஒரு நாடகம்

சுவாமிகளின் விரைவைக் காட்ட நாடக உலகம் எப்போதும் எடுத்துரைப்பது 'அபிமன்யு சுந்தரி' பிறந்த வரலாறு. சிறுவன் சண்முகத்தின் திறனைக் கண்ட ஆசிரியர், அவனுக்கென்றே ஒரு நாடகம் எழுத முனைந்தார். ஓரிரவு விளக்கைத் தம்முன் வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தவர், பொழுது விடிவதற்குள் பாடல்களும் உரையாடல்களுமாக முழு நாடகத்தையும் முடித்துவிட்டார். நான்கு மணி நேரத்திற்கு மேல் நடக்கும் நாடகம் அது.

இதனை வியப்புக்குரிய செய்தியாக மட்டும் கொள்வது போதாது. ஆசுகவிகள் தமிழுக்குப் புதியவர் அல்லர். ஆனால் ஆசுகவிகள் வள்ளல்களை நோக்கிப் பாடினர். சுவாமிகள் பாடியது ஒரு பாலனின் குரலுக்காக. அவன் எந்த ஒலியைத் தெளிவாகச் சொல்வான், எந்த உயரத்திற்குப் பாடுவான், எவ்வளவு நேரம் மேடையில் நிற்பான் என்பதை அறிந்தே ஒவ்வோர் அடியும் அமைந்தது. தம் சொல்லைப் பிறர் வாய்க்கு அளந்து தைப்பதே நாடகக் கவிஞனின் தொழில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நா அடங்கிய நாள்கள்

1921இல் சபை சென்னையில் இருந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றுபோயிற்று. ஓரிரவில் ஒரு நாடகத்தைப் பொழிந்த கை எழுதவில்லை. ஒரு குரலால் அவையை நடுங்கச் செய்த நா அசையவில்லை. சாவித்திரியின் சொல்லுக்கு எமன் தோற்கும் நாடகத்தை எழுதியவருக்குத் தம் வாழ்வில் அந்தச் சொல்லே இல்லாமற் போயிற்று.

ஆயினும் சபை நின்றுவிடவில்லை. ஆசிரியர் எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் மனப்பாடமாகக் கொண்டிருந்தனர். அவர் பேசாமலே அவர் நாடகங்கள் நாள்தோறும் பேசின. ஆசிரியர் இல்லாமலும் நாடகம் நடக்கவேண்டும் என்பதற்காகவே உரையாடலை எழுதி வரையறுத்த அவர் முயற்சி, அவர் கண்முன்னேயே இவ்வாறு ஆய்வுக்குள்ளாகி வெற்றி பெற்றது.

ஓராண்டுக்கு மேல் இந்நிலையில் வாழ்ந்த சுவாமிகள், புதுச்சேரியில் 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் நிறைவாழ்வு 55 ஆண்டுகளே. தென்கோடியில் தூத்துக்குடிக்கருகே பிறந்தவர், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மண்ணில் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய தமிழாசிரியர் தண்டபாணி சுவாமிகள் 1898இல் மறைந்தது விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில். ஆசிரியரும் மாணாக்கரும் தெற்கே தோன்றி, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டு எல்லையிலும் அதனை அடுத்தும் அடங்கியிருப்பது இப்பகுதித் தமிழர் நினைவிற் கொள்ளவேண்டிய ஒன்று.

கொட்டகை மரபும் சுவாமிகளின் வழியும்

சுவாமிகளுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வழி வழியாகப் பிரிந்து வளர்ந்தனர். 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தனிச் சபை கண்டனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவர். எம்.ஜி. இராமச்சந்திரன் முதலாகத் திரையில் புகழ்பெற்ற பலர், சுவாமிகள் வகுத்த சிறுவர் சபை முறையில் பயின்றவர்களே. பேசும் படம் வந்தபோது அதற்குக் கதை தேட வேண்டியிருக்கவில்லை. 1933இல் 'வள்ளி திருமணம்', 1934இல் 'பவளக்கொடி' என மேடையில் வேரூன்றிய கதைகளே முதலில் திரையேறின. பாட்டின்றித் தமிழ்ப்படம் இல்லை என்னும் வழக்கத்தின் வேரும் இங்கேதான் உள்ளது.

அவருடைய மரபு இன்றும் உயிரோடு இருப்பது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையிலாகும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரக் கோயில் விழாக்களில் நடைபெறும் இந்நாடகங்களுக்கு நிலையான குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வர். ஆர்மோனியக் கலைஞர் மேடையின் ஓரத்தில் அமர்ந்து பின்பாட்டுப் பாடுவார். தெரு, காடு, அரண்மனை எனச் சில திரைகளே காட்சிகள் அனைத்திற்கும் போதும். முன்னிரவில் பபூனின் நகைச்சுவையோடு தொடங்கி விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடக்கும். ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முறை பார்க்கும் நடிகர்கள் ஒரு சொல் பிசகாமல் வாதிட முடிவது எவ்வாறு? அனைவரும் ஒரே ஆசிரியரின் பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள் என்பதே விடை. அச்சுப்பொறியும் பாடநூல் குழுவும் செய்யாத ஒன்றை ஒரு தனி மனிதரின் எழுத்து செய்திருக்கிறது.

காலப்போக்கில் திரைப்பாடலும் கொச்சை நகையும் அம்மேடைகளில் இடம்பிடித்தன. சுவாமிகள் எதனை ஒழிக்க முயன்றாரோ, அந்த வாய்க்கு வந்த பேச்சு பபூன் வழியாக மீண்டும் நுழைந்தது. ஆயினும் நள்ளிரவுக்குப் பின் வள்ளி ஆலோலம் பாடத் தொடங்கியதும் அவை அடங்கிவிடுகிறது. அங்கே சுவாமிகளின் சொல்லே ஆள்கிறது.

நினைவுகூர்தல்

மதுரையில் தமுக்கம் அருகே சுவாமிகளுக்குச் சிலை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் 1980களில் இந்திரா பார்த்தசாரதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற நாடகப் பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. கருவடிக்குப்பத்தில் ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் கூடிக் குருபூசை நடத்துகின்றனர். பாடியும் முழக்கியும் தங்கள் வாத்தியாரை அவர்கள் வணங்குகின்றனர். அக்கூட்டத்தில் நடிகர் உளர், இசைக்கலைஞர் உளர், புலவர் வரிசையில் நிற்போர் சிலரே.

இதுவே சிந்திக்கத்தக்கது. வெண்பாப் பாடுவதில் எவருக்கும் குறையாத ஒருவரை, அவர் பாட்டு ஏட்டில் இல்லாமல் கூத்தாடியின் வாயில் இருந்தது என்னும் காரணத்தாலேயே கவிஞர் வரிசையில் சேர்க்கத் தமிழுலகம் தயங்கியது. அச்சில் வந்த கவிதை நூலைச் சில நூறு பேர் படிப்பர். சுவாமிகளின் விருத்தங்களைப் படிக்கத் தெரியாத பல்லாயிரவர் மனத்தில் வைத்திருந்தனர். நெல்லறுக்கும் களத்திலும் மாட்டு வண்டியிலும் அவை பாடப்பட்டன. எழுதியவர் பெயர் தெரியாமலே பாடப்பட்டன என்பது அவற்றின் வெற்றிக்கும் நம் மறதிக்கும் ஒருங்கே சான்று.

கடலூரிலிருந்து கருவடிக்குப்பம் ஒரு மணி நேரப் பயணத் தொலைவே. தில்லைக் கூத்தனை நாள்தோறும் வணங்கும் இந்நாட்டில், கூத்துக்குச் சொல் தந்த அடியாரின் அடக்கவிடம் இத்துணை அருகில் உள்ளது. நவம்பர் 13ஆம் நாள் அங்கே கூடும் கலைஞர்களோடு இப்பகுதிக் கவிஞர்களும் சென்று நிற்பார்களாயின், இயலும் இசையும் தம் உடன்பிறப்பான நாடகத்திற்கு நெடுங்காலமாகச் செய்யத் தவறிய மரியாதையைச் செய்தனவாகும்.